ஒரே கயிறு, இரண்டு வயது

1950-களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகள், காற்றிலிருந்த கார்பன்-14 அளவை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கின. அந்தக் காற்றை உண்டு வளர்ந்த பயிரில் அது சேர்ந்தது. சோறாகவும் பாலாகவும் மனித உடலுக்குள்ளும் வந்தது. 1963-இல் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அளவு ஆண்டுக்காண்டு இறங்கியது. ஆகவே உடலின் ஒரு திசுவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று பார்த்தால், அது எந்த ஆண்டுவாக்கில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க்கைச் சேர்ந்த காட்யா ஹைன்மையர் குழுவினர் இறந்தவர்களின் குதிகால் தசைநாண்களை இப்படி அளந்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். நாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் கட்டி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அங்கே புதுப்பிப்பு அநேகமாக நடப்பதே இல்லை. அதே மனிதர்களின் தசைகளோ ஓயாமல் தம்மைப் புதுப்பித்துக்கொண்டிருந்தன.

நாற்பது வயதுத் தாயும் பதினான்கு வயது மகனும் சேர்ந்து ஒரு தடை ஓட்டத்துக்குத் தயாராகிறார்கள் என்றால், இந்தக் கண்டுபிடிப்பு அவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். தாய் தன் பள்ளிப் பருவத்தில் கட்டிக்கொண்ட நாண்களை வைத்துத்தான் குதிக்கப்போகிறார். மகனுக்குக் கட்டுமானம் இன்னும் நடக்கிறது. களம் ஒன்றுதான், பயிற்சி ஒன்றாக இருக்க முடியாது.

திருப்பருத்திக்குன்றத்தில் அப்படி ஒரு தாயும் மகனும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தின் தென்மேற்கு ஓரத்தில், வேகவதிக் கரையில் இருக்கும் ஊர் அது. ஜினகாஞ்சி என்ற பழம்பெயரும் உண்டு. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய சங்கீத மண்டபமும், அதன் விதானத்துத் தீர்த்தங்கரர் ஓவியங்களும் இந்த ஊர்ச் சமணக் கோயிலில்தான் இருக்கின்றன. தாய் பட்டு நெசவாளர். பள்ளத்துக்குள் காலை விட்டு, குழித்தறியில் இடுப்பை மடக்கி உட்கார்ந்தே பொழுது போகிறது. மகன் ஒன்பதாம் வகுப்பு. சென்னையில் நடக்கும் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாம் என்பது அவன் யோசனை.

“டேய், இந்த வயசுல என்னைக் கயித்துல தொங்கச் சொல்றியா?”

“நீதாம்மா எப்பப் பாரு முதுகு வலிங்கற.”

தடை ஓட்டம் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவு வருவது தடகளத்துத் தடை தாண்டும் ஓட்டம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் திருப்பூர்க்காரர் தருண் அய்யாசாமி 400 மீட்டரை 48.96 விநாடியில் கடந்து வெள்ளி வாங்கினார். 2023 ஹாங்சோவில் கோவையின் வித்யா ராம்ராஜ் 55.42 விநாடியில் ஓடி, 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய நேரத்தைத் தொட்டார். அந்த ஓட்டத்தில் தடைகள் பத்து. முதல் தடை 45 மீட்டரில், அதன்பின் 35 மீட்டருக்கு ஒன்று. உயரம், தூரம் எல்லாம் முன்கூட்டியே தெரியும். எத்தனை காலடியில் அடுத்த தடையை எட்டுவது என்பதையே ஆண்டுக்கணக்கில் பழகுகிறார்கள். நாம் பேசும் ஓட்டம் வேறு மாதிரி. இதில் சுவர் ஏற வேண்டும், முள்கம்பிக்கு அடியில் ஊர வேண்டும், மூட்டை சுமக்க வேண்டும், கம்பிக்குக் கம்பி தொங்கித் தாவ வேண்டும், சேற்றில் இறங்க வேண்டும்.

இதன் மூலவர்களில் ஒருவர் ஜார்ஜ் எபேர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. ஓடுவது, ஏறுவது, தூக்குவது, நீந்துவது ஆகிய இயல்பான அசைவுகளை வைத்தே உடற்பயிற்சியை அமைக்க வேண்டும் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதிட்டவர். ராணுவங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்துத் தடைக்களமும் அந்த வம்சத்தில் வந்ததுதான். பொதுமக்கள் காசு கொடுத்துச் சேற்றில் விழும் வழக்கத்தை 1987-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘டஃப் கை’ பரப்பியது. 2010-இல் அமெரிக்காவில் ‘ஸ்பார்ட்டன்’ வந்தது. இந்தியாவில் 2012 முதல் ‘டெவில்ஸ் சர்க்யூட்’ நடக்கிறது, சென்னைக்கும் வந்திருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நவீன ஐந்திறப் போட்டியில் குதிரையேற்றம் போய்த் தடைக்களம் வருகிறது.

பெற்றவரும் பிள்ளையும் ஒரே பயிற்சியைச் செய்தால் பலன் ஒரே அளவில் கிடைக்குமா? இதைச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. குளோட் பூஷார் தலைமையில் 1990-களில் கனடா, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய ‘ஹெரிடேஜ்’ குடும்ப ஆய்வு அது. அதன் ஒரு பகுதியாக, உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 98 குடும்பங்களிலிருந்து பெற்றோரும் 17 வயது கடந்த பிள்ளைகளுமாக 481 பேர் 20 வாரம் நிலைசைக்கிள் மிதித்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள், அனைவருக்கும் அவரவர் சக்தியில் ஒரே விழுக்காட்டு உழைப்பு. உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்ற அளவு சராசரியாக 400 மில்லிலிட்டர் கூடியது. ஆனால் சராசரிக்குள் பெரிய பள்ளத்தாக்கு ஒளிந்திருந்தது. சிலருக்கு எதுவுமே கூடவில்லை. சிலருக்கு ஒரு லிட்டர் கூடியது. அதைவிடச் சுவையானது, ஒரு குடும்பத்துக்குள் இருந்த வேறுபாட்டைப் போல் இரண்டரை மடங்கு வேறுபாடு குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே இருந்ததுதான். அம்மாவுக்கு மளமளவென்று தேறினால் பிள்ளைக்கும் தேற வாய்ப்பு அதிகம். பயிற்சிக்கு உடல் இணங்கும் விதத்தில் 47 விழுக்காடு வரை பரம்பரை சார்ந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அந்த 47-க்குள் ஒரே வீடு, ஒரே அடுப்பு என்ற பங்கும் கலந்திருப்பதால் அது மேல்வரம்புதான்.

இதைப் படித்துவிட்டு “எங்க குடும்ப உடம்பே இப்படித்தான்” என்று உட்கார்ந்துவிடத் தேவையில்லை. சூரிச்சில் டேவிட் மொன்டேரோவும் கார்ஸ்டன் லண்ட்பியும் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரப் பயிற்சியில் முன்னேற்றமே காணாதவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு அமர்வுகள் கூட்டிக் கொடுத்தார்கள். அடுத்த ஆறு வாரத்தில் தேறாதவர் ஒருவரும் மிஞ்சவில்லை. மெதுவாகத் தேறும் குடும்பத்துக்குத் தேவைப்படுவது கூடுதல் அளவு.

தமிழ்நாட்டுத் தாய்க்கு இதற்கெல்லாம் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை தேவை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் 1970-களில் கார்ட்னர், எட்ஜர்டன் ஆகியோர் செய்த ஆய்வுகள் இதன் விலையைக் காட்டின. ஹீமோகுளோபின் குறைந்த பெண்கள் ஓடுபொறியில் சீக்கிரமே நின்றுவிட்டார்கள். இரும்புச்சத்து கொடுத்தபோது கொழுந்து பறிக்கும் அளவே கூடியது. ஆக்சிஜனைச் சுமக்க ஆள் இல்லாத ரத்தத்தை வைத்துக்கொண்டு “எனக்கு ஓட்டம் வரல” என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை.

மகனின் உடல் எதிர்த்திசையில் சிக்கலானது. பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 12 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதிலும் உயரம் பாய்ச்சலாகக் கூடும். பையன்களுக்கு உச்ச ஆண்டில் 9, 10 சென்டிமீட்டர் ஏறுவது சாதாரணம். எலும்பு நீள்கிறது, அதற்குள் சுண்ணாம்புச் சத்து நிரம்ப இன்னும் சில மாதங்கள் ஆகின்றன. கனடாவின் சஸ்காட்செவனில் 1991-இல் தொடங்கி ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்த ஆய்வு, உயர உச்சத்துக்கு ஏழெட்டு மாதங்கள் கழித்தே எலும்பின் கனிம உச்சம் வருகிறது என்று காட்டியது. முன்கை எலும்பு முறிவுகள் இந்த இடைவெளியில் அதிகம் நேர்வது தற்செயலல்ல. பெரியவர்களின் எலும்பிலிருக்கும் கனிமத்தில் கால்வாசி இந்த உச்சத்தை ஒட்டிய இரண்டே ஆண்டில் சேர்வதாகவும் அதே ஆய்வு கணக்கிட்டது. பையனுக்குக் கேழ்வரகுக் கூழையும் பாலையும் அம்மா திணிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

அதே வயதில்தான் முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் மேல்முனையில் ஒரு புடைப்பும் வலியும் வரும். பாஸ்டனின் ராபர்ட் ஆஸ்குட், சூரிச்சின் கார்ல் ஷ்லாட்டர் என்று இருவர் 1903-இல் தனித்தனியே விவரித்ததால் இருவர் பெயரையும் சேர்த்தே அதை அழைக்கிறார்கள். குதித்துக் குதித்துத் தரையிறங்கும்போது தொடைத்தசை இழுக்கும் இழுப்பை, இன்னும் குருத்தாக இருக்கும் வளர்ச்சிப் பகுதி தாங்க முடியாமல் போவதுதான் காரணம். மாதம் ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறித்து வைப்பது நல்ல வழி. மாதத்துக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் கூடினால் அந்த மாதங்களில் சுவரிலிருந்து குதிப்பதைக் குறைத்து, ஏறுவது, ஊர்வது, சமநிலை ஆகியவற்றைக் கூட்டலாம். கை கால் திடீரென்று நீண்டு நேற்று வந்த தாவல் இன்று வராமல் போகும் காலமும் இதுவே. மகன் தடுமாறினால் சோம்பேறித்தனம் என்று திட்டுவது அறிவியலுக்கு விரோதம்.

எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று தெருவுக்கு ஒரு பெரியவராவது சொல்வார். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை அதை ஏற்கவில்லை. சரியான முறையை ஒருவர் பக்கத்திலிருந்து கவனித்துச் சொல்லித்தரும் வரை எடைப்பயிற்சி எலும்பின் வளர்ச்சிப் பகுதியைக் கெடுப்பதில்லை. காயங்கள் வருவது பெரும்பாலும் யாரும் பார்க்காத நேரத்தில் அளவு மீறித் தூக்கும்போது. இளமையில் எலும்புக்குக் கொடுத்த வேலை வீணாவதும் இல்லை. ஸ்டூவர்ட் வார்டன் குழு 2014-இல் பேஸ்பால் வீரர்களின் எறியும் கையையும் எறியாத கையையும் ஒப்பிட்டது. விளையாட்டை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், எறிந்த கையின் எலும்பு பெற்றிருந்த கூடுதல் பருமனில் பாதி அப்படியே இருந்தது.

தாயின் பக்கம் வந்தால், வயது ஏற ஏறப் பயிற்சியில்லாத உடலின் ஆக்சிஜன் திறன் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு இறங்கும். விடாமல் பயிற்சி செய்பவர்களுக்கு அந்த இறக்கம் கிட்டத்தட்டப் பாதியாகிறது. தசை நாற்பதிலும் பயிற்சிக்கு நன்றாகவே பதில் சொல்லும். ஆபத்தே அங்குதான். இரண்டு மாதத்தில் கெண்டைக்கால் தசை பலமாகி, ஓடலாம் ஓடலாம் என்று தூண்டும். இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடித்த குதிகால் நாண் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகையால் தாய்க்கு வாரத்தில் இரண்டு கடுமையான நாட்கள் போதும். நடுவே இரண்டு நாள் இடைவெளி வேண்டும். தறியில் நாளெல்லாம் மடங்கிக் கிடக்கும் இடுப்பின் முன்பக்கத் தசைகளையும், முன்னால் வளைந்த தோளையும் விரித்துக் கொடுக்கும் அசைவுகள் தினமும் தேவை. அவை இல்லாமல் நேரே கம்பியில் தொங்கினால் தோள்பட்டைதான் முதலில் முறையிடும்.

தொங்குவது தனி இயற்பியல். பிரிட்டனின் 12 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கணக்கில், பெண்களின் கைப்பிடி வலிமை உச்ச வயதில் நடுமதிப்பாக 31 கிலோ, ஆண்களுக்கு 51 கிலோ. அறுபது கிலோ எடையுள்ள பெண் இரு கையாலும் தொங்கினால் கைக்கு 30 கிலோ. அதாவது ஏறக்குறைய முழுப் பிடி. தொங்கும்போது விரல்கள் கொக்கியாக மாட்டிக்கொள்வதால் கணக்கு அவ்வளவு நேரடியானதல்ல என்றாலும் சிரமத்தின் அளவு புரியும். இன்னொன்றும் உண்டு. முன்கைத் தசை தன் உச்ச வலிமையில் பாதியை நெருங்கி இறுகினாலே உள்ளே ஓடும் ரத்தக்குழாய்கள் நசுங்கி ரத்தம் நின்றுபோகிறது. சில விநாடிகளில் கை எரிவதும் பிடி நழுவுவதும் அதனால்தான். ஒரு கையை விட்டு உதறினால் ரத்தம் திரும்பி வரும். ஊசல் போல ஆடிக்கொண்டே அந்த ஆட்டத்தின் முனையில் அடுத்த கம்பியைப் பிடித்தால் பிடித்திருக்க வேண்டிய நேரமே குறையும். நாற்பத்தைந்து கிலோ மகனுக்கு இது எளிது. உடல் பெரிதாகும்போது எடை கன அளவிலும் வலிமை பரப்பளவிலும் கூடுகிறது என்று கலிலியோ 1638-இல் எழுதிய விதி அவன் பக்கம் இருக்கிறது.

கயிற்றில் ஏறுவதற்குத் தாய்க்கு வட தமிழகத்துப் பனையேறிகளைப் பார்த்தால் போதும். அவர்கள் காலில் மாட்டும் தளைநார், உடலின் எடையைக் கையிலிருந்து பாதத்துக்கு மாற்றிவிடுகிறது. கை மரத்தை அணைக்கிறது, தூக்குவது கால். தடை ஓட்டக் கயிற்றிலும் ஒரு பாதத்தின் மேல் கயிற்றைச் சுற்றி மறு பாதத்தால் அழுத்திப் பூட்டினால், ஏறுவது என்பது எழுந்து நிற்பதாகிவிடும். தொடைத்தசை உடலின் பெரிய தசைகளில் ஒன்று. அதை விட்டுவிட்டு முன்கையை வதைப்பவர்கள்தான் பாதியில் வழுக்கிக் கீழே வருகிறார்கள். மாவட்ட விளையாட்டரங்கத்தில் கம்பி கிடைக்கும், கயிற்றுக்கு வேப்பங்கிளை போதும். கிளையின் பலத்தை முதலில் பார்க்க வேண்டும்.

ஓட்டத்துக்குப் பாலாற்று மணல் இருக்கிறது, அள்ளிப் போனது போக மிச்சமிருக்கும் இடங்களில். பெல்ஜியத்தில் லெஜன் குழு 1998-இல் அளந்தபடி மணலில் ஓட, கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. நடப்பதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். அதிர்ச்சி குறைவு என்பதால் மகனின் முழங்காலுக்கு நல்லது. ஆனால் குதிகால் புதைந்து நாண் கூடுதலாக இழுபடுவதால் தாய் பத்து நிமிடத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவதே சரி.

எப்போது ஓடுவது என்பதில்தான் இருவருக்கும் சண்டை வரும். சித்திரை, வைகாசியில் காஞ்சிபுரத்தில் எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். தாய்க்கு விடியற்காலை ஐந்து மணி வசதி; ஊர்க்கண்களும் அப்போது குறைவு. மகனுக்கு அது நள்ளிரவு மாதிரி. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது இது: பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பே இரவில் தள்ளிப் போகிறது, ஆகவே சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. கைப்பேசி அதை மோசமாக்கும் என்பது வேறு விஷயம். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி ஒன்றின் 112 விளையாட்டு மாணவர்களை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் நேரும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. ஐந்து மணிக்கு எழுப்புவதால் கிடைக்கும் பயிற்சியைவிடப் போகும் தூக்கம் அதிகம். மாலை ஐந்தரைதான் நடுவழி. சூரியன் மறையுமுன் சாப்பிடும் சமண வழக்கமுள்ள வீடென்றால், பயிற்சியை அரை மணி முன்னதாக முடித்து உடனே உணவு என்று வைத்துக்கொள்ளலாம்.

வெயிலை உடல் பத்துப் பதினான்கு நாளில் பழகிக்கொள்ளும். ரத்தத்தில் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். பிள்ளைகள் பெரியவர்களைவிட வெப்பத்தைத் தாங்க மாட்டார்கள் என்ற பழைய கருத்தை 2011-இலேயே குழந்தை மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள். தண்ணீரும் ஓய்வும் ஒழுங்காக இருந்தால் வேறுபாடு பெரிதல்ல. இந்தப் பழகலில் மட்டும் தாயும் மகனும் ஒரே அட்டவணையில் போகலாம்.

இவ்வளவு வேறுபாடுகளுக்கு நடுவே எதற்குச் சேர்ந்து செய்ய வேண்டும்? கேரளத்தின் நீளந்தாண்டும் வீரர் ஸ்ரீசங்கருக்கு அவர் அப்பா முரளிதான் பயிற்சியாளர். அவரும் முன்னாள் தாண்டல் வீரர். ஆனால் அங்கே அப்பா மணற்குழி ஓரத்தில் நிற்கிறார், தாண்டுவது மகன். தடை ஓட்டத்தில் பெற்றவரும் தொங்கியாக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் படகு வீரர்களை எம்மா கோஹன் குழு சோதித்தது. ஒரே உழைப்புதான், தனியாகத் துடுப்பு வலித்தபின் இருந்ததைவிட, கூட்டாக ஒரே தாளத்தில் வலித்தபின் வலி தாங்கும் அளவு கூடுதலாக இருந்தது. பன்னிரண்டு பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் காஞ்சிபுரத்துக்குப் புதுச் செய்தி அல்ல. கோர்வைச் சேலைக்கு ஒருவர் போதாது. நெய்பவரும் மறுபக்கம் நாடா தள்ளுபவரும் ஒரே தாளத்தில் இல்லையென்றால் கரை உடலோடு சேராது.

பெற்றோரின் பழக்கம் பிள்ளையிடம் எவ்வளவு ஒட்டுகிறது என்பதற்கு ஃபிரேமிங்ஹாம் சிறார் ஆய்வு 1991-இல் எண் கொடுத்தது. அசைவை அளக்கும் கருவியைக் கட்டி நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளைக் கவனித்ததில், சுறுசுறுப்பான தாயின் பிள்ளை சுறுசுறுப்பாக இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு, தகப்பனுடையது மூன்றரை மடங்கு, இருவரும் அப்படியென்றால் 5.8 மடங்கு. அப்பாவையும் தறியிலிருந்து எழுப்பப் பார்க்கலாம்.

கடைசியாகச் சேறு. 2012 அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடாவில் மாட்டுப் பண்ணை நிலத்தில் நடந்த தடை ஓட்டத்துக்குப் பிறகு 22 பேருக்குக் கேம்பிலோபேக்டர் வயிற்றுப்போக்கு வந்தது. சேற்றுநீரை விழுங்கியதே காரணமென்று கண்டார்கள். 2000-இல் மலேசியாவின் சபாவில் நடந்த ‘ஈக்கோ சேலஞ்ச்’ சாகச ஓட்டத்தில், விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறிகள் இருந்தன. ஆற்றில் நீந்தியவர்களுக்கே அது அதிகம் தொற்றியது. மழைக்காலத்து வேகவதியிலும் தேங்கிய குட்டைகளிலும் ஊர்ந்து பழக வேண்டாம்; காலில் சிராய்ப்பு இருந்தால் போட்டிச் சேற்றிலும் அதை மூடிக்கொண்டே இறங்க வேண்டும். ஓட்டம் முடிந்து மூன்று நான்கு வாரத்துக்குள் இருவரில் ஒருவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், “சேத்துத் தண்ணியில இறங்கினோம்” என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எலிக்காய்ச்சலைத் தொடக்கத்திலேயே கண்டால் டாக்சிசைக்ளின் போன்ற விலை மலிந்த மாத்திரைகளிலேயே அடங்கிவிடும்.